முதல் வேட்டை ரைஃபிளுக்கு ஸ்கோப்: 400 டொலருக்குள் எது சரி?

புதுத்துவக்கு
வணக்கம் உறவுகளே. ரைஃபிள்: .308 வின்செஸ்டர் (தோட்டாவின் வகை), போல்ட் வகை (ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றுவது), மேலே ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி) ஒன்றும் பூட்டாத வெறும் துவக்கு. வேட்டை: ஒன்ராறியோ, ஹாலிபேர்ட்டன் பக்கத்துக் காடு, நவம்பரில் வெள்ளைவால் மான். தூரம் பெரும்பாலும் 40 முதல் 120 கஜம். மின்கம்பி போகும் வெட்டவெளியில் மட்டும் 200 வரை வரலாம். ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்), பேஸ் (ரிங் உட்காரும் அடித்தளம்) எல்லாம் சேர்த்து 400 கனடிய டொலர்.

கடையில் 3-9×40 (பெருக்கம் 3 முதல் 9 மடங்கு, முன்கண்ணாடி 40 மி.மீ.), 4-16×50 இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. அதே காசுக்குக் கூடுதல் பெருக்கம் கிடைக்கும்போது ஏன் குறைந்ததை எடுக்க வேண்டும்? இன்னொன்று, ரைஃபிளோடு பொதியாகச் சேர்த்து விற்கிற ஸ்கோப் காணுமா?

பனிக்காடு
தம்பி, அந்த 4-16ஐ கடையிலேயே விட்டிட்டு வாங்கோ.

காட்டு வேட்டையில பெரிய எண்ணை விடச் சின்ன எண்தான் முக்கியம். 3-9 ஸ்கோப்பை 3இல வைச்சால் 100 கஜத்தில ஏறக்குறைய 34 அடி அகலம் தெரியும். 9இல வைச்சால் 13 அடி கூட வராது. இப்ப 25 கஜத்தில மான் வந்து நிக்குது எண்டு வையுங்கோ. 3இல எட்டரை அடி தெரியும். முழு மானும், அதுக்குப் பின்னால இருக்கிற மரமும் தெரியும். 9இல மூண்டு அடிதான். கண்ணாடி முழுக்கப் பழுப்பு மயிர். தோளோ தொடையோ எண்டு தெரியாமல் குழலை ஆட்டிக்கொண்டு நிக்க, மான் போயிடும்.

பெருக்கத்தை எப்பவும் 3இலயே வைச்சு நடவுங்கோ. தூரத்தில நிக்கிற மானுக்கு வளையத்தைத் திருப்ப நேரம் கிடைக்கும். கிட்ட நிக்கிறதுக்குக் கிடைக்காது.

உங்கட தூரத்தைப் பார்த்தால் 2-7×33 கூட நல்லாக் காணும். பாரமும் குறைவு.

கணக்குப்பிள்ளை
பனிக்காடு சொன்னதோடு ஒத்துப்போகிறேன், 2-7 விஷயத்தைத் தவிர. அதற்குப் பிறகு வருகிறேன்.

"அதே விலைக்குக் கூடுதல் பெருக்கம்" என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 4-16×50இல் கண்ணாடி பெரியது. பக்கத்தில் பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோல் தெரிவது) திருத்தும் குமிழ் ஒன்று கூடுதல். பெருக்கும் அமைப்பில் நகரும் பாகங்கள் நீளம் அதிகம். இத்தனையும் வைத்து 3-9 விலையிலேயே விற்கிறார்கள் என்றால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள். வழக்கமாகக் கை வைப்பது கண்ணுக்குத் தெரியாத இரண்டு இடங்களில்: கண்ணாடியின் பூச்சு, உள்ளே குறிக்கோட்டைத் தாங்கும் ஸ்பிரிங். கடையில் இரண்டும் நன்றாகத்தான் தெரியும். .308இன் உதை இருபது முப்பது வாங்கிய பிறகு ஸ்பிரிங்கின் தரம் வெளியே வரும்.

பேரலாக்ஸ் குமிழ் உங்களுக்குத் தேவையா? சாதாரண வேட்டை ஸ்கோப்பில் பேரலாக்ஸைப் பெரும்பாலும் 100 கஜத்துக்கு ஆலையிலேயே அமைத்துவிடுவார்கள். 40 மி.மீ. கண்ணாடியில் கண் முழுக்க ஓரத்துக்குப் போனாலும் 200 கஜத்தில் பிழை மிஞ்சினால் 20 மி.மீ. 50 கஜத்தில் 10 மி.மீ. மானின் நெஞ்சுக்கூட்டில் உயிர்நிலை ஏறத்தாழ 8 அங்குல வட்டம். அதில் இந்த 20 மி.மீ. ஒரு பொருட்டே இல்லை. வாங்காதீர்கள்.

புதுத்துவக்கு
நன்றி. அப்படியென்றால் 3-9×50? அந்தியில் 50 மி.மீ. வெளிச்சம் கூட எடுக்கும் என்கிறார்களே. மான் வருவதும் அந்த நேரத்தில்தானே.

கணக்குப்பிள்ளை
ஒன்ராறியோவில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுட முடியும். ஆக, அந்தக் கடைசி அரை மணியில் ஸ்கோப் என்ன செய்கிறது என்பதே கேள்வி.

முன்கண்ணாடியின் மி.மீ. அளவைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40ஐ 9ஆல் வகுத்தால் 4.4 மி.மீ. இருட்டில் இளைஞரின் கண்மணி 7 மி.மீ. வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்குப் பெரும்பாலும் 5ஐச் சுற்றித்தான். 50 மி.மீ. வாங்கினால் 9இல் 5.6 மி.மீ. கிடைக்கும். அதே 5.6ஐ 40 மி.மீ. ஸ்கோப்பில் பெருக்கத்தை 7க்குக் குறைத்தாலே எடுத்துவிடலாம். 6க்கு இறக்கினால் 6.7. வளையத்தை இரண்டு விரல் திருப்புவதற்குச் செலவு இல்லை.

50இன் விலை காசோடு முடிவதில்லை. முன்கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க உயரமான ரிங் வேண்டும். ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் துவக்கின் பின்கட்டையில் பதியாது, தாடைதான் பதியும். தலை மிதந்துகொண்டிருந்தால் கண் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். மலிவு ரைஃபிள்களின் கட்டை தாழ்வான ஸ்கோப்புக்கு வார்த்தது.

இதே கணக்கில்தான் 2-7×33ஐப் பற்றிய என் தயக்கமும். 7இல் 4.7 மி.மீ., மோசமில்லை. ஆனால் 200 கஜ வெட்டவெளி இருக்கிறது, 3-9 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, பழையதாக விற்றாலும் போகும். முதல் ஸ்கோப்புக்கு 3-9×40.

பனிக்காடு
200 கஜத்தில நிக்கிற மானுக்கு 7 காணாதோ? ஒரு காலத்தில சனம் நாலு பெருக்கம் மட்டும் இருக்கிற ஸ்கோப்பை வைச்சுத்தானே உதே தூரத்துக்குச் சுட்டது. சரி, சண்டை வேண்டாம். ரெண்டில எதை எடுத்தாலும் தம்பி கெடமாட்டார்.

ஒண்டை மட்டும் வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ: ஸ்கோப் தேடிப் பார்க்கிற சாமான் இல்லை. மான் சீசனில காட்டுக்குள்ள செம்மஞ்சள் சட்டையோட வேற வேட்டைக்காரரும் நடப்பினம். பத்தைக்குள்ள ஏதோ அசையுது எண்டு ஸ்கோப்பைத் தூக்கிப் பார்த்தால், அது மனுசன் எண்டால், நீங்கள் துவக்கின்ர வாயை அவருக்கு நேர பிடிச்சிட்டியள். தேடுறதுக்கு 8×42 பைனாகுலர் ஒண்டு கழுத்தில கிடக்கட்டும். ஸ்கோப்பில காசு மிச்சம் பிடிச்சு அதில போடுங்கோ.

மங்கல்மாலை
கண்ணாடி பற்றி. பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்தெண்ணிப் படியுங்கள். "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு. "ஃபுல்லி கோட்டட்" என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்பிலும் ஒவ்வொரு பூச்சு. "மல்ட்டி கோட்டட்" என்றால் சில பரப்பில் பல பூச்சு. "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்" ஒன்றுதான் எல்லாப் பரப்பிலும் பல பூச்சு. பூச்சில்லாத ஒரு பரப்பு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கோப்புக்குள் பத்துக்கு மேல் பரப்புகள். பெருக்கிப் பாருங்கள், அந்தியில் எங்கே போகிறது வெளிச்சம் என்று தெரியும்.

கடை விளக்கின் கீழ் எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்று இருக்கும். பூட்டாத ஸ்கோப்பைக் கையில் எடுத்து, கடைக்காரரின் அனுமதியோடு வாசல் வரை வந்து மூன்று காரியம் செய்யுங்கள். நிறுத்திய வண்டிக்கு அடியில் உள்ள இருட்டைப் பாருங்கள்; அங்கே டயரின் வரிகள் பிரிந்து தெரிகின்றனவா? வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு மரக்கிளையைப் பாருங்கள். கிளையோரத்தில் ஊதா விளிம்பு எவ்வளவு தடிப்பு? சூரியன் இருக்கும் திசைக்குக் கொஞ்சம் தள்ளி (சூரியனை நேரே ஒருபோதும் வேண்டாம்) நிழலில் உள்ள எதையாவது பாருங்கள். படம் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுக்கிறதா? மூன்றாவதில்தான் மலிவுக் கண்ணாடி அகப்படும். அந்தியில் சூரியன் தாழ்ந்து எதிரே நிற்கும்போது சிக்கல் இதுவே.

ஒப்பிடும் எல்லா ஸ்கோப்பையும் ஒரே பெருக்கத்தில் வையுங்கள், கண்பக்க வளையத்தை உங்கள் கண்ணுக்குச் சரிசெய்த பிறகே ஒப்பிடுங்கள். வளையத்தைச் சரிசெய்யும்போது வெள்ளைச் சுவருக்கு எதிரே குறிக்கோட்டை ஒரு நொடி பார்த்துக் கண்ணை எடுத்துவிட வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சமாளித்துக்கொள்ளும். கோடு தெளிவாகத் தெரிவதாக ஏமாற்றும்.

குறிக்கோட்டைப் பொறுத்தவரை சாதாரண டூப்ளெக்ஸ்: ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்தது. மங்கலில் மெல்லிய நடுக்கோடு மறைந்தாலும் தடித்த நான்கு கட்டைகளும் நடுவைக் காட்டிக்கொடுக்கும். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கீழே கிளைகள் நிறைந்தது காட்டுக்கு வேண்டாம். பின்னணியில் நிஜக் கிளைகளே போதுமான அளவு இருக்கின்றன.

புதுத்துவக்கு
கீழ்க்கோட்டில் 200, 300 என்று புள்ளிகள் உள்ள பிடிசி வகை?

கணக்குப்பிள்ளை
இந்த விலையில் வருபவை அநேகமாக இரண்டாம் குவியத் தளத்துக் குறிக்கோடு. பெருக்கத்தை மாற்றினாலும் கோட்டின் அளவு மாறாது. அதனால் கீழ்ப்புள்ளிகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் பொருந்தும், வழக்கமாக 9இல். 4.5இல் வைத்து 300 புள்ளியைப் பிடித்தால் அது இரண்டு மடங்கு கோணத்தைக் காட்டும். சன்னம் மானின் முதுகுக்கு மேலே போகும். 200ஐத் தாண்டாத உங்களுக்கு அந்தப் புள்ளிகளே தேவையில்லை. ஸ்கோப்பில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

மங்கல்மாலை
பெயர் சொல்லிக் கேட்பார்கள் என்று தெரியும், அதனால்:

லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் 3-9×40: எடை ஏறக்குறைய 350 கிராம். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, 3-9×40: ஏறக்குறைய 425 கிராம், விலை குறைவு. இரண்டுக்கும் நடுவே வோர்டெக்ஸ் டைமண்ட்பேக், பர்ரிஸ் ஃபுல்ஃபீல்ட். எல்லாமே ஒரு அங்குலக் குழாய், கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு; ஒரு கிளிக்குக்குக் குறி அதில் கால்வாசி நகரும்). இவற்றில் எது கழிவில் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். கண்ணாடியில் விஎக்ஸ்-ஃப்ரீடம் ஒரு படி மேல். கண்ணை முன்பின் நகர்த்தினாலும் படம் கறுக்காத தாராளமும் அதில் உண்டு. கிராஸ்ஃபயர் 2இல் உச்சப் பெருக்கத்தில் கண்ணைச் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும்.

30 மி.மீ. குழாய் வெளிச்சத்தைக் கூட்டும் என்பது கட்டுக்கதை. குறியைத் திருத்த உள்ளே கூடுதல் இடம் கிடைக்கும், அவ்வளவே.

பொதி ஸ்கோப்புக்கு வருவோம். ருகர் அமெரிக்கன் போன்ற சில ரைஃபிள்களோடு கிராஸ்ஃபயர் 2ஐயே பூட்டிக் கொடுக்கிறார்கள். அது தனியாக விற்கும் அதே ஸ்கோப், தாராளமாக எடுக்கலாம். பெயரே அச்சடிக்காத ஸ்கோப் வந்தால் ரைஃபிளின் பெறுமதியை மட்டும் கணக்குப் போடுங்கள். எதுவானாலும் ஆலையில் பூட்டியதை நம்பாமல் ரிங்கைக் கழற்றித் திரும்பப் பூட்டுங்கள்.

கொங்குக்காற்று
பழைய ஸ்கோப் வாங்கலாமா? ஸ்பிரிங் வகை ஏர் ரைஃபிளுக்கு (காகித இலக்கு மட்டும்) இந்த 3-9×40 பொருந்துமா?

திருகாணி
இரண்டாவது கேள்விக்கு முதலில். பொருந்தாது. வெடிமருந்து ரைஃபிள் பின்னோக்கி ஒருமுறை உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் பிஸ்டன் கிளம்பும்போது பின்னுக்கும், பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னுக்கும் உதைக்கும். பின்னுதைப்புக்கு மட்டும் கட்டிய ஸ்கோப்பில் கண்ணாடிகள் முன்பக்கமாகக் கழன்று வரும். .308இல் ஆயிரம் ரவுண்டு தாங்குவது ஏர் ரைஃபிளில் ஒரு டப்பா பெல்லட்டுக்குள் உடைந்துபோவது இதனால்தான். "ஏர்கன்" என்று எழுதியது, பேரலாக்ஸ் 10 கஜம் வரை இறங்குவது, ஒற்றைத் துண்டு மவுண்ட் (ரிங்கும் பேஸும் ஒன்றாக வருவது), பின்னால் அது நகராமல் தடுக்கும் ஸ்டாப் பின்: இந்த நான்கும் வேண்டும்.

பழையது: வாங்கலாம். ரிங் இருந்த இடத்தில் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். காதருகே ஆட்டுங்கள், கடகடத்தால் வைத்துவிடுங்கள். முன்கண்ணாடியில் ஒரு சிறு தட்டைக் கண்ணாடியை, முகம் பார்க்கிறதுதான், ஒட்டிப் பிடித்துக் குறைந்த பெருக்கத்தில் பார்த்தால் குறிக்கோடும் அதன் பிம்பமும் இரண்டாகத் தெரியும். டரெட்டை (குறியைத் திருத்தும் குமிழ்) திருப்ப இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்காரும். அதுதான் ஸ்கோப்பின் உள்நடு. ஒவ்வொரு கிளிக்குக்கும் கோடு நகர்கிறதா, இல்லை நான்கு கிளிக் சும்மா இருந்துவிட்டு ஒரேயடியாகத் தாவுகிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும். தாவுவதை வாங்காதீர்கள்.

வோர்டெக்ஸின் உத்தரவாதம் கைமாறினாலும் செல்லும். லூபோல்டும் வாழ்நாள் உத்தரவாதத்துக்கு ரசீது கேட்பதில்லை. ஆனால் லூபோல்டுக்குப் போலிகள் உண்டு. தொடர் எண்ணை நிறுவனத்திடம் சரிபார்த்த பிறகே காசைக் கொடுங்கள். நிக்கான் ரைஃபிள் ஸ்கோப் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழைய ப்ரோஸ்டாஃப் நல்ல கண்ணாடிதான். கெட்டால் அதேபோல் இன்னொன்று வராது, அதற்கேற்ப விலை பேசுங்கள்.

மட்டுறுத்துநர்
நினைவூட்டல்: இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டை குற்றம். இந்த இழை கனடாவின் உரிமம் பெற்ற வேட்டை பற்றியது. ஏர் ரைஃபிளால் புறா, முயல் என்று கேள்வி வந்தால் நீக்கப்படும். கொங்குக்காற்று காகிதம் என்று தெளிவாகச் சொல்லியிருப்பதால் பதில் இருக்கட்டும்.

புதுத்துவக்கு
லூபோல்ட் விஎக்ஸ்-ஃப்ரீடம் கழிவில் எடுப்பதாக முடிவு. இனிப் பூட்டுவது. கடையில் பூட்டித் தருவார்கள், ஆனால் நானே செய்யப் பார்க்கிறேன்.

திருகாணி
நல்ல முடிவு. "ஸ்கோப் சரியில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு ஸ்கோப்பின் குற்றமே இல்லை. பேஸ் தளர்ந்திருக்கும், ரிங் அதிகமாக இறுகியிருக்கும்.

பேஸ்: உங்கள் ரைஃபிளின் மாடலுக்கென்றே வாங்குங்கள், ".308க்கு" என்று ஒன்று கிடையாது. டிக்கா டி3எக்ஸ் போன்ற ரைஃபிள்களில் ரிசீவர் (போல்ட் ஓடும் உடற்பகுதி) மேலேயே 17 மி.மீ. வால்தடம் வெட்டியிருக்கும். பரவலாக உள்ள பேஸ் வகைகள் வீவர், பிக்காட்டினி. வீவர் பேஸின் பள்ளம் 4.57 மி.மீ., பிக்காட்டினியின் பள்ளம் 5.23 மி.மீ. அதனால் வீவர் ரிங் பிக்காட்டினியில் உட்காரும். மறுதலை பெரும்பாலும் நடக்காது. வீவர் ரிங்கைப் பிக்காட்டினியில் பூட்டினால் முன்பக்கம் தள்ளி இறுக்குங்கள். உதைக்கும்போது ரைஃபிள் பின்னால் போகும், ஸ்கோப் அதே இடத்தில் நிற்கப் பார்க்கும். இடைவெளியை முன்பே அடைத்துவிட்டால் நகராது.

திருகின் நீளம்: முன் பேஸில் உள்ள பின் திருகு கொஞ்சம் நீண்டிருந்தாலும் உள்ளே போல்ட்டின் பூட்டுப்பல்லில் உரசும். பேஸை இறுக்கிய பிறகு போல்ட்டைப் போட்டு மூடித் திறந்து பாருங்கள். முன்பு இல்லாத இறுக்கம் வந்தால் அந்தத் திருகுதான். அரை சுற்று அராவினால் சரியாகும்.

எல்லாத் திருகையும் துளையையும் ஆல்கஹாலால் துடையுங்கள். ஆலை எண்ணெய் இருந்தால் எதுவும் பிடிக்காது. பேஸ் திருகுக்கு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு, 20 அங்குல-பவுண்டு அளவில். உங்கள் பேஸின் தாளில் வேறு எண் இருந்தால் அந்த எண்தான் சரி. ரிங்கைப் பேஸில் பிடிக்கும் குறுக்குத் திருகுக்குத் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் எண் வேறு, 30 முதல் 65 வரை போகும், தாளைப் பாருங்கள்.

ரிங்கின் மேல்மூடித் திருகு 15 முதல் 18. அதற்குமேல் ஒரு துளியும் வேண்டாம். இங்கே லாக்டைட் போடாதீர்கள்: ஈரமான திருகு எளிதாகச் சுற்றும், டார்க் டிரைவர் (இறுக்கத்தை அளந்து காட்டும் திருப்புளி) 18 காட்டும்போது உண்மையான அழுத்தம் அதைவிட அதிகமாக இருக்கும். குழாய் நசுங்கினால் உள்ளே குறிக்கோட்டுக் குழாய் சிக்கும். இறுக்கிய பிறகு பெருக்க வளையம் முன்பைவிடக் கெட்டியாகத் திரும்பினால் நசுக்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே தளர்த்துங்கள்.

கையால் குத்துமதிப்பாக இறுக்க முடியாது. சின்ன டார்க் டிரைவர் ஒன்று பட்ஜெட்டில் சேருங்கள். ஸ்கோப்புக்கு 270, பேஸ் ரிங்குக்கு 80, மிச்சம் டிரைவருக்கு.

ரிங்கின் உயரம்: 40 மி.மீ.க்குத் தாழ்வானது அல்லது நடுத்தரமானது. முன்கண்ணாடிக்கும் குழலுக்கும் இடையில் இரண்டு மி.மீ. இருந்தால் போதும். போல்ட் கைப்பிடியை முழுக்கத் தூக்கிப் பாருங்கள்; கண்பக்கக் கிண்ணத்தில் இடிக்கக் கூடாது. மடக்கு மூடி போடுவதாக இருந்தால் அதையும் போட்டே அளக்க வேண்டும்.

கண்தூரம் (கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி): மேல்மூடியை லேசாக மட்டும் பூட்டி, ஸ்கோப் நகரும்படி விடுங்கள். பெருக்கம் 9. நவம்பரில் போடும் அதே தடித்த சட்டையோடு கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதித்து, பிறகு கண்ணைத் திறவுங்கள். கறுப்பு வளையம் இல்லாமல் முழு வட்டமும் தெரிய வேண்டும். இல்லையென்றால் தலையை நகர்த்தாதீர்கள், ஸ்கோப்பை நகர்த்துங்கள். மூன்றரை அங்குலத்துக்குக் குறைந்தால் .308 உங்கள் புருவத்தில் அரைவட்டம் போட்டுவிடும். மேட்டில் ஏறுமுகமாகச் சுடும்போது தலை முன்னுக்கு வரும். அதனால் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள்.

கோட்டை நேராக்குவது: ரைஃபிளை மட்டமாக்கி, தூரத்தில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிட்டு நெட்டுக்கோட்டை அதோடு பொருத்துங்கள். மூடித் திருகுகளைக் கோலம் போடுவதுபோல் மூலைக்கு மூலை மாற்றி மாற்றி, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலில் முழுக்க இறுக்கினால் ஸ்கோப் உருண்டுவிடும், நேராக்கியது வீண். இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கட்டும்.

கடைசியாக, ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு. ஸ்கோப் வழுக்கினால் அது முறிந்து காட்டும்.

கணக்குப்பிள்ளை
கோடு சாய்ந்தால் எவ்வளவு கெடும் என்று அதிகம் கவலைப்பட வேண்டாம். 3 பாகை சாய்ந்தாலும் .308க்கு 300 கஜத்தில் பக்கவாட்டில் ஓர் அங்குலத்தை ஒட்டித்தான் விலகும். தூக்குநூல் போதும், இதற்கென்று விற்கிற சாதனப் பெட்டி வேண்டாம்.

ஜீரோ செய்வது, அதாவது குறி வைத்த இடத்துக்கும் சன்னம் விழும் இடத்துக்கும் பொருந்தும்படி ஸ்கோப்பைத் திருத்துவது. ஒரு பெட்டி தோட்டா, 20, போதும். வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே பெயர், சன்னத்தின் எடை அதே 150 கிரெயின். வேறு தோட்டா என்றால் வேறு இடத்தில் விழும்.

போல்ட்டைக் கழற்றுங்கள். ரைஃபிளை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, பின்பக்கமாகக் குழல் வழியே 25 கஜத்தில் உள்ள இலக்கின் நடுவைப் பிடியுங்கள். ரைஃபிள் நகராமல், டரெட்டைத் திருப்பிக் குறிக்கோட்டையும் அதே நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இங்கே எல்லாரும் குழம்பும் இடம்: டரெட்டின் அம்பு சன்னம் போகும் திசையைக் காட்டுகிறது, கோடு போகும் திசையை அல்ல. "மேல்" என்று திருப்பினால் கண்ணுக்குக் கோடு கீழே இறங்கும்.

25 கஜத்தில் ஒரு வெடி. கால் எம்ஓஏ கிளிக் 100 கஜத்தில் ஏறத்தாழ கால் அங்குலம். 25இல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம். 2 அங்குலம் கீழே விழுந்தால் 32 கிளிக் மேலே. 8 கிளிக் போட்டுவிட்டு "ஸ்கோப் வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய. இன்னொரு வெடி போட்டு உறுதி செய்யுங்கள். 25இல் மையத்தில் விழுந்தால் 100இல் இரண்டு மூன்று அங்குலம் மேலே, காகிதத்துக்குள்தான் இருக்கும்.

100 கஜத்துக்குப் போங்கள். மூன்று வெடி, பிறகு குழலைக் கையால் தொடும் அளவுக்கு ஆறவிடுங்கள். வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது. சூடேறினால் குழு (இலக்கில் விழும் துளைகளின் கூட்டம்) விரியும். ஒற்றைத் துளையைப் பார்த்துத் திருத்தாதீர்கள். மூன்றின் நடுவை அளந்து திருத்துங்கள், 4 கிளிக்குக்கு ஓர் அங்குலம்.

எங்கே நிறுத்துவது? 100இல் 2 அங்குலம் மேலே வைத்தால் 200இல் மையத்தைத் தொடும், 300இல் ஏறத்தாழ 9 அங்குலம் இறங்கும். 100இலேயே மையத்தில் வைத்தால் 150இல் ஒன்றரை அங்குலத்துக்குள் இறக்கம், 200இல் நாலு அங்குலத்தை ஒட்டி. உங்கள் வெட்டவெளிக்காக நான் 2 அங்குலம் மேலே வைப்பேன்.

பனிக்காடு
நான் வைக்கமாட்டன். பத்தில ஒன்பது மான் 120 கஜத்துக்கு உள்ள எண்டு அவரே சொல்லுறார். பத்தைக்குள்ள கிளை இடுக்கால சுடேக்க "இது ரெண்டு அங்குலம் மேல போகும்" எண்டு யோசிக்க வேண்டி வந்தால் அது ஒரு தொல்லை. 100இல ஒரு அங்குலம் மேல வைச்சிட்டு, 200ஐ மறந்திட்டுச் சுடலாம்.

கணக்குப்பிள்ளை
ஒரு அங்குலம் ஏற்புடையதே. எழுதியதைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் அவருடைய காட்டுக்கு உங்கள் எண் பொருத்தம்.

புதுத்துவக்கு
குழு ஒன்றரை அங்குலத்தில் இருந்து திடீரென்று நான்கு ஐந்து அங்குலத்துக்கு விரிந்தால் எங்கே தொடங்கிப் பார்ப்பது?

திருகாணி
காசு செலவில்லாததில் இருந்து. கட்டையையும் ரிசீவரையும் பிடிக்கும் அடித்திருகுகள். அடுத்து பேஸ். பேஸைப் பார்க்க ஸ்கோப்பைக் கழற்ற வேண்டும். சோம்பலில் பலர் இதைத் தாண்டிவிடுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி இங்கேதான் இருப்பான். பிறகு நகப்பூச்சுக் கோடு. பிறகு கட்டைக்கும் குழலுக்கும் நடுவே ஒரு தாளை விட்டு இழுத்துப் பார்ப்பது. எங்காவது சிக்கினால் கட்டை குழலைத் தொடுகிறது, ஈரத்தில் வளைந்திருக்கலாம். இதெல்லாம் சரியென்றால்தான் ஸ்கோப்.

ஸ்கோப்பைச் சோதிக்க: 100 கஜத்தில் ஒரே புள்ளியைக் குறி வைத்து ஒரு வெடி. 24 கிளிக் மேலே, ஒன்று. 24 வலது, ஒன்று. 24 கீழே, ஒன்று. 24 இடது, ஒன்று. ஆறு அங்குலச் சதுரம் வரவேண்டும், ஐந்தாவது முதலாவதின் பக்கத்தில் விழவேண்டும். உங்கள் ரைஃபிளின் வழக்கமான குழுவுக்குள் இருந்தால் சரி. பெருக்கத்தை 3இல் வைத்து ஒரு குழு, 9இல் வைத்து ஒரு குழுவும் போடுங்கள். இரண்டின் நடுவும் விலகினால் உள்ளே ஏதோ ஆடுகிறது. உத்தரவாதத்துக்கு அனுப்புங்கள், நீங்களே திறக்காதீர்கள். உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கும். திறந்த அன்றோடு அது போய்விடும், அடுத்த பனிக்காலத்தில் உட்புறம் ஆவி படியும்.

புதுத்துவக்கு
வெளிப்புறம் ஆவி படிவதற்கு?

பனிக்காடு
இரவில துவக்கைச் சூடான கபினுக்குள்ள கொண்டு வந்தால்தான் அந்தப் பிரச்சினை. குளிர்ந்த கண்ணாடியில வீட்டு ஈரம் ஒட்டும், விடிய வெளியில போக அது பனியா உறையும். குளிரான அறையில, இல்லாட்டி உறைக்குள்ள வைச்சுப் பூட்டின பெட்டியில, வெறுமையா, போல்ட்டைக் கழட்டி வையுங்கோ. கட்டாயம் உள்ள கொண்டு வரவேணும் எண்டால் வெளியில வைச்சே உறையின்ர சிப்பை மூடி, உள்ள வந்து ரெண்டு மூண்டு மணித்தியாலம் திறக்காமல் விடுங்கோ. ஈரம் உறையில ஒட்டும், கண்ணாடியில ஒட்டாது.

காட்டில ஏறி இருக்கேக்க ஸ்கோப்புக்குக் கிட்ட மூச்சு விடக்கூடாது. கண்பக்கக் கண்ணாடி ஒருக்கா உறைஞ்சால் விரலால தேய்க்காதையுங்கோ, எண்ணெய் பிடிக்கும். மூடிக்கு ரெண்டு பக்கமும் சேர்ந்து ஒரே இழுவையில கழருற ரப்பர் மூடி காணும், பத்து டொலருக்கு வரும். அதைக் கழட்டி எந்தப் பொக்கற்றுக்க போடுறது எண்டதை மட்டும் முதலே முடிவெடுத்து வையுங்கோ.